பீலியில் சவுக்குச் சருகு: வலை போடுவதா, பீலியையே கழற்றுவதா?

தம்பிலுவிலிலிருந்து ஒரு கேள்வி, 2023 செப்டெம்பர் 9

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு. மாரிக்கு முன்னம் கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை ஏந்தும் பீலியைத் துப்புரவாக்கி ஒரு கிழமை போகவில்லை, திரும்பவும் சருகு நிரம்பிவிட்டது. மேலே பிளாஸ்டிக் வலை அடித்தால் இனி ஏணியே வைக்க வேண்டியதில்லை என்று கடையில் சொல்கிறார்கள். போட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

கல்லடியிலிருந்து, செப்டெம்பர் 9, இரவு

போடுங்கள் தம்பி. யோசிக்க ஒன்றுமில்லை. நான் ஜூலையில் போட்டேன். அன்றிலிருந்து ஏணி கொட்டிலில் படுத்திருக்கிறது. பீலிக்குள் ஒரு சருகு இல்லை.

செப்டெம்பர் 11

மேலே எழுதியதை மனைவி வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஜூலையில போட்டீங்க, சரி. மறுகா மழை எப்ப பெஞ்சது?"

பெய்யவில்லை. கோடையில் குடை வாங்கிவிட்டு, "இந்தக் குடை வந்த நாளிலிருந்து நான் நனையவே இல்லை" என்று சொன்னவன் கதையாகிவிட்டது. தம்பி, கொஞ்சம் பொறுங்கள். மாரி வரட்டும்.

செப்டெம்பர் 24

வீட்டு நிலவரம் சொல்லாமல் பீலி நிலவரம் விளங்காது. மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை குடிவருகிறவர். ஆகவே கூரை என் மனைவியுடையது, பக்கத்து வளவும் அதிலுள்ள மரங்களும் மாமியுடையவை, ஏணியும் முதுகும் மட்டும் என்னுடையவை. மாமியின் வளவில் கடல் பக்கமாக மூன்று சவுக்கு மரங்கள். 2005இல் கன்றாக வைத்தது. இப்போது தென்னையை விட உயரம். வெட்டச் சொல்லி இங்கே யாரும் ஆலோசனை தர வேண்டாம். நான் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு மனைவி கையால்தான் வந்தது.

வீடு 30 அடி நீளம், சீற் கூரை, இரண்டு பக்கமும் ஐந்து அங்குல அரைவட்டப் பிவிசி பீலி. வலை போடுவதற்கு முன் பத்து வருடமாக நான் செய்துவந்த முறையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கையால் அள்ளினால் விரல் நுனியில் கிளிப்பின் விளிம்பு கீறும். கரண்டி, மண்வாரி எல்லாம் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது சிரட்டை. கண் இல்லாத பாதிச் சிரட்டை பீலியின் வளைவுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்காரும். இழுத்துக்கொண்டே வந்தால் சருகும் சேறும் ஒன்றாகத் திரண்டு வரும். பீலி கீறுப்படாது. உடைந்தால் குசினியில் வேறு சிரட்டை இருக்கிறது. கடைசி அழுக்குக்குத் தும்புத்தடி, அதற்குப் பிறகு ஓஸ் பைப்.

ஒரு வருடம் துப்புரவாக்காமல் விட்டதில் பீலிக்குள் ஆலங்கன்று முளைத்திருந்தது. காகத்தின் வேலை. நாலு இலை. பிடுங்கினால் வேர் மட்டும் ஒன்றரை அடி, பீலியின் நீளத்துக்கே ஓடியிருந்தது. அந்தக் கறுப்புச் சேறு நல்ல பசளை. மாமி அதைக் கேட்டு வாங்கிக் கறிவேப்பிலைக்குப் போட்டார்.

ஒக்டோபர் 1

ஒரு திருத்தம். "சவுக்கு இலை" என்று நான் வேறொரு இடத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டு ஓர் ஆசிரியை சொன்னார், அது இலை இல்லையாம். சரிதான். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் போன்ற பச்சைக் குச்சி, அரை அங்குலத்துக்குள் ஒரு கணு. கணுவைச் சுற்றி மீசை போல் நுண்ணிய பற்கள் இருக்கும், ஆறேழு. அந்தப் பற்கள்தான் உண்மையான இலை. நாம் சருகு என்று அள்ளுவது முழுவதும் சின்னக் கிளை. சின்ன வயதில் கணுவில் இழுத்துக் கழற்றி, திரும்பச் செருகிவைத்து, "எங்கே முறித்தது சொல்" என்று விளையாடினோமே, அதே கணு.

இதற்கும் பீலிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. மாவிலை விழுந்தால் படுத்துக்கிடக்கும், காற்று புரட்டிக்கொண்டு போகும். இந்தக் குச்சிக்குத் தட்டை முகம் இல்லை. ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு சாண் நீளம். எந்த ஓட்டைக்குள்ளும் நுனி நுழையும், நுழைந்தபின் கணு பிடித்துக்கொள்ளும்.

ஒக்டோபர் 15

முதல் இடிமழை. மாலை நாலரைக்குத் தொடங்கி ஐந்தேகால் வரை. குடையோடு வெளியே நின்று பீலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

நடந்தது இதுதான். தூறலாக இருந்தவரை வலை வேலை செய்தது. மழை கனத்ததும் கூரையின் வாய்க்கால்களால் வேகமாக வந்த தண்ணீர் வலையின் மேலே வழுக்கிக்கொண்டு, பீலியைத் தாண்டி, நேரே வாசற்படியில் விழுந்தது. பீலி போட்டதே அந்தப் படி நனையாமலிருக்கத்தான். பீலிக்குள் பாதித் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மழை விட்டபின் ஏணி வைத்து ஏறினேன். (ஆம், ஏணி.) வலையின் ஒவ்வொரு கண்ணிலும் குச்சி குத்தி நிற்கிறது. முள்ளம்பன்றி முதுகு போல. படுத்துக்கிடந்தால் தும்புத்தடியால் தள்ளிவிடலாம். இது பாதி உள்ளே, பாதி வெளியே. தள்ளினால் முறிந்து உள்பாதி பீலிக்குள் விழுகிறது. ஒவ்வொன்றாக மேலே இழுத்துப் பிடுங்க வேண்டும். பத்தடி பிடுங்கினேன், மக்ரிப் பாங்கு கேட்டது, இறங்கிவிட்டேன்.

தம்பி, செப்டெம்பர் 9 இரவு நான் எழுதியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஒக்டோபர் 16

நிரம்பி அடைத்த பீலி ஏன் தொய்கிறது என்று ஒருவர் கேட்டார். கணக்குப் பாருங்கள். ஐந்து அங்குலக் குழாய், 30 அடி நீளம், தண்ணீர் மட்டும் 115 கிலோ. இரண்டு மூட்டை சீமெந்தைக் கூரை விளிம்பில் தொங்கவிட்டதுபோல.

கூரையில் விழும் தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். எங்கள் கூரையின் ஒரு பக்கம் 30 அடிக்கு 15 அடி, 42 சதுர மீற்றர் வரும். ஓர் இரவில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 2,100 லீற்றர். மாரியில் ஒரு நாளைக்கு 100 பெய்வதும் இங்கே புதினமில்லை. அவ்வளவும் ஒரு மூன்றங்குல ஓட்டையால் இறங்க வேண்டும்.

ஒக்டோபர் 17

பீலி அரைவட்டம். நான் முழுவட்டத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். 115ஐ இரண்டால் பிரியுங்கள். ஏறத்தாழ 58 கிலோ, ஒரு மூட்டைச் சீமெந்தும் கொஞ்சமும். சுட்டிக்காட்டியது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள். கூரைக் கணக்குச் சரி என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

58 கிலோவும் லேசில்லை. இரண்டடிக்கு ஒரு கிளிப்பாவது வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்த பாஸ் மூன்றடிக்கு ஒன்று அடித்துவிட்டுப் போயிருக்கிறார். நடுவில் தொய்ந்து அங்கேயே தண்ணீர் தேங்குகிறது. வாட்டமும் பாருங்கள், பத்தடிக்குக் கால் அங்குலமாவது இறங்க வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை மேல் முனையில் ஊற்றினால் தெரிந்துவிடும்.

ஒக்டோபர் 29

ரொறன்ரோவிலிருந்து மச்சான் அழைத்தார். அவர் வீட்டுப் பக்கத்தில் வெள்ளைப் பைன். ஒன்ராறியோ மாகாணத்தின் மரமே அதுதானாம். ஊசி ஊசியாக, ஐந்தைந்தாக ஒரே காம்பில். நம் சவுக்குக்கு அண்ணன் முறை என்று நினைத்துப் பேசினோம், இனம் வேறு, தோற்றம் மட்டும்தான் ஒன்று. பைன் ஊசி உண்மையில் இலையே. பழைய ஊசியை இலையுதிர் காலத்தில் மொத்தமாகக் கொட்டிவிடும். அவருக்கு அது முடிந்தபின் ஒருமுறை ஏறி அள்ளினால் போதும், பனி விழுவதற்குள். அள்ளாவிட்டால் தேங்கிய தண்ணீர் உறைந்து கூரை விளிம்பையே பெயர்த்துவிடும் என்கிறார். நம் சவுக்கு நாள் பார்த்து உதிர்க்காது. வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக.

அவரும் வலை விடயத்தில் அடிபட்டவர்தான். முதலில் பஞ்சு மாதிரியான ஒன்றைப் பீலிக்குள் அடைத்தாராம். ஊசி அதில் குத்திக்கொண்டு நின்றது. அப்புறம் போத்தல் கழுவும் பிரஷ் போல் நீளமான ஒன்று. அதிலும் சிக்கியது, பிரஷைத் துப்புரவாக்க இன்னொரு பிரஷ் தேவைப்பட்டது. இப்போது துருப்பிடிக்காத உருக்கில் மிக நுண்ணிய கண்ணுள்ள வலை போட்டிருக்கிறார். ஊசி நுழையாது, மேலே படுத்துக்கிடக்கும். "அப்ப ஏறுறதில்லையா?" என்று கேட்டேன். "ஏறுறதுதான், மேலால தட்டிவிட" என்றார். விலையைக் கேட்டபின் நான் பேச்சை அவருடைய பிள்ளைகளின் படிப்புக்கு மாற்றினேன்.

நவம்பர் 5

வலையைக் கழற்றிவிட்டேன். கழற்றும்போது இன்னொன்றும் நடந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஏணியைப் பீலியின் மேலேயே சாய்த்தேன். அலுமினிய ஏணி, பிவிசி பீலி, இரண்டும் வழுக்கும். ஏழாவது படியில் நின்றபோது ஏணி பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. பீலியைப் பிடித்தேன். மூன்றடிக்கு ஒரு கிளிப் என்று சொன்னேனே, இரண்டு கிளிப்போடு பீலியும் என்னோடு வந்தது. விழுந்த இடம் செவ்வந்திப் பாத்தி. முழங்கையில் சிராய்ப்பு மட்டும். செவ்வந்திக்குத்தான் கூடுதல் சேதம்.

ஏணியைச் சுவரில் சாய்க்க வேண்டும், பீலியில் இல்லை. மணல் வளவென்றால் கால் புதையாமல் ஒரு பலகை வைத்து அதன் மேல். கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி எந்த மூலையில் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அலுமினிய ஏணி அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இதையெல்லாம் பத்து வருடம் ஏறியவன் விழுந்தபின் சொல்கிறான்.

நவம்பர் 12

தீபாவளி. எண்ணெய் வைக்கும்போது மாமி முழங்கையைப் பார்த்துவிட்டு, "மருமகன், கூரையில என்ன புதையலா இருக்கு?" என்றார்.

நவம்பர் 19

வலை இல்லாமல் இரண்டு கிழமை. பீலியில் சருகு விழுகிறது, மழை வந்தால் ஓடுகிறது. ஓடி எங்கே போகிறது? கீழிறங்கும் குழாயின் வாய்க்கு. அங்கேதான் உண்மையான சண்டை. குச்சி ஒன்று குறுக்கே படுக்கும், அடுத்தது அதன் மேல் சாயும், பத்துச் சேர்ந்தால் பின்னல் தொடங்கும். நேற்றுக் கையை விட்டு எடுத்ததை மேசையில் வைத்துப் பார்த்தேன். தூக்கணாங்குருவி கட்டியதுபோல் வாய், கழுத்து, வயிறு எல்லாம் இருக்கிறது. மேலே சருகு, கீழே சேறு, நடுவில் சவுக்கங்காய் இரண்டு, முள்ளோடு. மகள் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனாள்.

இதிலிருந்து எனக்கு விளங்கியது, பீலி முழுக்க வலை போடுவதில் காசு வீண். அடைப்பது ஓர் அடி இடம்தான். அந்த ஓர் அடிக்கு ஏதாவது செய்தால் போதும்.

மாமி ஒரு வழி சொன்னார். பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் சாக்குத்துணி போல் பின்னியிருக்குமே, அது. அதைக் கூம்பாகச் சுருட்டி, நுனி மேலே நிற்கக் குழாயின் வாயில் செருகினோம். தண்ணீர் இறங்குகிறது, குச்சி நிற்கிறது. கூம்பாக இருப்பதால் சுற்றிவரச் சருகு சேர்ந்தாலும் மேல்பாதி கொஞ்ச நேரம் திறந்திருக்கும். பழைய இலக்கணக்காரர்கள் மோசமான மாணாக்கனுக்குப் பன்னாடையை உவமை சொல்வார்கள். நல்லதை ஒழுகவிட்டுச் சக்கையைப் பிடித்துக்கொள்ளுமாம். பீலிக்கு அப்படிப்பட்ட மாணாக்கன்தான் வேண்டும். பள்ளியில் என்னைப் பன்னாடை என்று திட்டிய ஆசிரியரை நினைத்துக்கொண்டேன்.

குழாய் விடயத்தில் இன்னொன்று. மேலே வாயிலிருந்து சுவருக்குத் திரும்பும் இடத்தில் செங்குத்தாக மடங்கும் எல்போ போடாதீர்கள். பாதி வளையும் எல்போ இரண்டாகப் போட்டால் சருகு சறுக்கிக்கொண்டு போகும். நான் மாற்றினேன், வித்தியாசம் தெரிகிறது.

நவம்பர் 27

பூரணை. மட்டக்களப்பு வாவியில் பூரணை இரவில் மீன் பாடும் என்று உலகம் முழுக்கப் பெயர். வள்ளத்தில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் துடுப்பு வேண்டாம். பீலிக் குழாய்க்குள் ஒரு தேரை குடியிருக்கிறது. குழாய் அதற்கு ஒலிபெருக்கி. இரவு பதினொன்றுக்குத் தொடங்கினால் விடிய மூன்று.

டிசம்பர் 3

பன்னாடை உக்கிவிட்டது. இரண்டு கிழமை தாங்கியது. மாற்றினேன். தென்னை இருக்கும்வரை சரக்குக்குக் குறைவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏணி.

இன்னொரு விடயம் இப்போதுதான் மண்டையில் ஏறியது. ஜூலையில் பீலி ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது? வலையால் இல்லை. கச்சான் மேற்கிலிருந்து வீசும் காற்று. சவுக்கு நிற்பது வீட்டுக்குக் கிழக்கே. ஆகவே கோடை முழுக்கச் சருகு கடல் பக்கமாகப் பறந்தது. வாடை தொடங்கியதும் காற்றுத் திசை மாறி, அவ்வளவும் எங்கள் கூரைக்கு வருகிறது. சருகு வரும் காலமும் மழை வரும் காலமும் ஒன்றே. செப்டெம்பரில் ஒருமுறை துப்புரவாக்கிவிட்டு மாரிக்குத் தயார் என்று நினைப்பது, தம்பி, நீங்களும் நானும் செய்த அதே பிழை. அந்தத் துப்புரவு வேண்டும்தான். ஆனால் கணக்கில் சேர்வது அதற்குப் பிறகு மழைக்கு நடுவே செய்வதுதான்.

டிசம்பர் 10

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். டெங்குச் சோதனை. பூச்சாடி, டயர், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாம் பார்த்தார், ஒன்றுமில்லை. நான் பெருமையாக நின்றேன். அப்புறம் ஏணி கேட்டார்.

தொய்ந்த இடத்தில் சிரட்டை அளவு தண்ணீர். வெள்ளைக் கிண்ணத்தில் அள்ளிக் காட்டினார். நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கி, கிண்ணத்தைத் தட்டியதும் நெளிந்துகொண்டு கீழே போயின. மனிதர் தன்மையானவர், எச்சரித்துவிட்டுப் போனார். ஆனால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடவும் முடியும் என்பதை நினைவூட்டத் தவறவில்லை.

அவர் சொன்னதில் இரண்டு விடயம் எனக்குப் புதிது. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பீலியின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால்தான் கிழமைக்கு ஒருமுறை என்கிறார்கள்.

கிழமைக்கு ஒருமுறை, 60 அடி பீலி, ஏணி, நான். இதை எழுதும்போதே முழங்கை வலிக்கிறது.

டிசம்பர் 24

இரண்டு நாளாக வீட்டில் ஒரே பேச்சு. தொடங்கியது மாமி. "நாங்க கிடுகு வீட்டில இருக்கக்குள்ள எவன் பீலி கட்டின?" என்றார்.

சிரித்துவிட்டு விட்டேன். இரவு படுத்தபின்தான் யோசித்தேன். உண்மையில் எவன் கட்டினான்? கிடுகுக் கூரையில் தாவாரம் இரண்டரை அடி வெளியே நீட்டியிருக்கும். தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளி விழும், மணல் உறிஞ்சிவிடும். குடிக்க வேண்டுமென்றால் ஓரிடத்தில் பானை வைப்பார்கள். எங்கள் வளவும் மணல்தான், குதிகால் புதையும் கடற்கரை மணல். வீட்டைச் சுற்றி 60 அடிக்குப் பீலி எதற்கு? பாஸ் போடச் சொன்னார், பக்கத்து வீட்டில் இருந்தது, போட்டோம்.

எங்கே உண்மையாகத் தேவை என்று ஒரு தாளில் வீட்டை வரைந்து பார்த்தோம். முன் வாசற்படிக்கு மேலே எட்டு அடி. குசினிப் பக்கத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் போகிற பன்னிரண்டு அடி. மற்றதெல்லாம் சருகு சேர்க்கவும் நுளம்பு வளர்க்கவும்தான் இருக்கிறது.

மாமி அன்று நிறையப் பேசினார். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போய், விடியும்வரை கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த கதை. விடிந்து பார்த்தால் நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம் போல இருந்ததாம். மறுகா சுனாமி. சவுக்கை ஏன் வைத்தார் என்று நான் இத்தனை வருடமாகக் கேட்டதில்லை, அன்று அவராகவே சொன்னார். "கடலுக்கும் நமக்கும் நடுவுல என்னமாவது ஒண்டு நிக்கட்டும் எண்டுதான் மகன் வெச்ச நான்." மருமகன் என்று கூப்பிடாமல் மகன் என்றது அன்றுதான். நான் வெட்டச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

டிசம்பர் 30

நாற்பது அடி பீலியைக் கழற்றியாயிற்று. இடையில் ஒருவர் எழுதியிருந்தார், பீலி இல்லாவிட்டால் அத்திவாரம் போய்விடும் என்று. களிமண் பக்கம், தாவாரம் குறுகிய வீடு, சுவரோடு சேர்ந்து சீமெந்துத் தரை உள்ள வீடு என்றால் அவர் சொல்வது சரி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் மண்ணில் வீடு கட்டியிருப்பவர்கள் என்னைப் பார்த்துக் கழற்ற வேண்டாம். எங்களுடையது மணல், தாவாரம் இரண்டடி. தண்ணீர் விழும் கோட்டில் இரண்டடி அகலம், அரை அடி ஆழம் வெட்டி முக்கால் அங்குலச் சல்லி போட்டோம். வெட்டியது நான், சல்லி பரப்பியது மகள், மேற்பார்வை மாமி.

2024 ஜனவரி 7

விடாத மழை. ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். அயலில் இரண்டு வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

பீலி விடயம் கேட்பவர்களுக்கு: சல்லிக் கோடு வேலை செய்கிறது. சுவரில் ஒரு முழம் உயரத்துக்குக்கூட மண் தெறிக்கவில்லை. சவுக்குச் சருகு சல்லியின் மேல் மெத்தை போல் கிடக்கிறது, விளக்குமாற்றால் ஒதுக்கினால் போய்விடும். இரண்டு கால்களும் தரையில் நிற்கின்றன, அதுவே பெரிய காரியம். ஒரே ஒரு குறை. அறையில் படுத்திருந்தால் தாவாரத் தண்ணீர் சல்லியில் விழும் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. மனைவிக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு இரவில் அடிக்கடி எழும்ப வேண்டியிருக்கிறது.

ஜனவரி 21

தாங்கிப் பக்கத்துப் பன்னிரண்டு அடியை ஏன் வைத்திருக்கிறேன் என்று தம்பிலுவில் தம்பி கேட்டார். சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறியது நினைவிருக்கும். எங்கள் கிணறு பிறகு தெளிந்துவிட்டாலும், கோடை முற்றினால் இன்றும் சோப்புச் சரியாக நுரைக்காது. உடுப்புத் தோய்க்கவும் கீரைக்கும் மழைத்தண்ணீர் வேண்டும்.

ஆனால் சவுக்குச் சருகு ஊறிய தண்ணீர் தேயிலைச் சாயம். சட்டையில் பட்டால் போகாது. அதனால் முதல் தண்ணீரைத் தாங்கிக்கு விடக்கூடாது. நாலு அங்குலக் குழாய் பத்தடியை அடைத்து நிறுத்தினேன். தாங்கிக்குப் போகும் வழியில் இதன் வாய் முதலில் வரும். பத்தடிக் குழாய் ஏறத்தாழ 25 லீற்றர் பிடிக்கும். கூரையைக் கழுவிய அழுக்குத் தண்ணீர் அதற்குள் நிரம்பியபின்தான் நல்லது தாங்கிக்குத் திரும்பும். அடியில் ஊசித் துளை, மழை விட்டபின் சொட்டுச் சொட்டாக வெற்றாகிவிடும். துளை அடைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்கியின் வாய்க்கு நுளம்பு வலை கட்டாயம். பரிசோதகர் திரும்பவும் வருவார்.

அந்தப் பன்னிரண்டு அடிக்கும் வாசல் எட்டு அடிக்கும் கிளிப்பை ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடித்தேன், வாட்டத்தை வாளி ஊற்றிப் பார்த்தேன். உயரமும் குறைவு. குசினிப் பக்கம் கூரை தாழ்ந்தது, ஸ்டூலில் ஏறினாலே சிரட்டை எட்டுகிறது. ஞாயிறு காலை பத்து நிமிட வேலை. தேரை மட்டும் வீடு மாறிவிட்டது, இப்போது முதல் தண்ணீர்க் குழாய்க்குள்.

பெப்ரவரி 18

மழை ஓய்ந்தது. பனி விழுகிறது. வேம்பு இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டது. மஞ்சளாகக் கூரை முழுக்கக் கிடக்கிறது, தட்டினால் பறக்கிறது. சவுக்கோடு பழகியவனுக்கு வேப்பிலை ஒரு பொருட்டே இல்லை.

கழற்றிய நாற்பது அடி பீலி கொட்டிலில் கிடந்தது. விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாமி கேட்டார், கொடுத்தேன். பத்தடித் துண்டுகளாக வேலியோரம் வைத்து, இரண்டு முனையையும் மூடி, பீலிச் சேறும் சாணமும் போட்டுப் பொன்னாங்காணி நட்டார். நன்றாகத் தழைத்தது. நேற்று மாலை கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் இலையெல்லாம் மஞ்சள், வேர் அழுகுகிறது. கையை வைத்தால் மண்ணுக்கு மேலே ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கிறது, அதில் நாலைந்து குடம்பிகள்.

அடியில் ஓட்டை போட மறந்துவிட்டேன். நாளை காலை ட்ரில்லோடு போகிறேன்.